மருந்தின் பெயருக்கு முன் பூச்சியின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு மருந்துகளின் பெயர் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு கலக்க வேண்டும், காலையில் தெளிப்பதா மாலையில் தெளிப்பதா என்ற விவரமும் இருந்தது. எந்த மாவுப்பூச்சி என்பது மட்டும் இல்லை. மரவள்ளியில் வெள்ளையாக அப்பிக்கொண்டிருப்பதெல்லாம் ஒரே பூச்சி அல்ல. இது தெரியாததால் நான் ஒரு வருட வெள்ளாமையை இழந்தேன். அடுத்த வருடம், உதவிக்கு வந்த உயிரை என் கையாலேயே கொன்றேன். அந்தக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் மருந்துக் கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். முழுவதையும் படித்துவிட வேண்டுகிறேன்.

நான் ஆத்தூர் வட்டத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். 27 வருடமாகக் குச்சிக்கிழங்குதான். தங்கள் கட்டுரை மரவள்ளி என்று எழுதுகிறது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணவர் இறந்த பிறகு 11 வருடமாக நானே நின்று பார்க்கிறேன். தை, மாசியில் குச்சி நட்டு, கார்த்திகை, மார்கழியில் கிழங்கு பிடுங்குவோம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் லோடு இறங்கியதும் கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போட்டு, மாவு எவ்வளவு என்று பாயின்ட் பார்ப்பார்கள். அந்த பாயின்ட்தான் எங்கள் வருமானம். 28 பாயின்ட் வந்த வருடம் வீட்டில் கடன் அடையும். 22 வந்தால் நகை அடகுக்குப் போகும்.

2020 ஊரடங்கு வருடத்தின் மார்கழியில், கிழங்கு பிடுங்கும்போதுதான் முதலில் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் பத்துப் பதினைந்து செடிகளில் குருத்து விரியாமல் முட்டைக்கோஸ் மாதிரி குவிந்திருந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. பத்து வருடத்துக்கு முன் வந்த அதே மாவுப்பூச்சி திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பழைய கதையைத் தங்கள் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே வருடத்தில் கொங்கு நாடு முழுவதும் பரவியது. பப்பாளி மரங்கள் சுண்ணாம்பு அடித்தது போல நின்றன. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர்கள் செடியை வெட்டி எரித்தார்கள். குச்சிக்கிழங்கும் தப்பவில்லை, என் வீட்டு வாசல் செம்பருத்திகூடத் தப்பவில்லை. என்ன அடித்தும் அடங்கவில்லை. அந்தப் பூச்சி உடம்பைச் சுற்றி மெழுகு பூசிக்கொண்டிருக்கிறது. மருந்து அதன் மேல் பட்டு வழிந்துவிடும். கடைசியில் 2010-ல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரீகோ தீவிலிருந்து, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று வகைச் சிறு குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒரு குளவி பெரும் வேலை செய்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதை வளர்த்து மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. அதன் பிறகு அந்த மாவுப்பூச்சி எங்கேயாவது ஒரு மூலையில் தென்படும் பூச்சியாக அடங்கிப்போனது.

ஆகவே 2020-ல் நான் பதற்றப்படவில்லை. பழைய குளவி எங்கேயாவது இருக்கும், தேடி வந்து பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். அதே செடிகளிலிருந்து குச்சி வெட்டித் தையில் நட்டேன். பூச்சியை என் கையாலேயே எடுத்துப் போய் மூன்றரை ஏக்கரிலும் ஊன்றினேன் என்பது அப்போது தெரியாது.

2021 சித்திரையில் வயல் முழுவதும் குருத்து குவிந்துவிட்டது. தண்டு நேராக வளராமல் கணுக்கள் நெருங்கி, பாம்பு நெளிவது போல வளைந்தது. அந்தத் தண்டு அடுத்த வருட நடவுக்கும் ஆகாது. பழைய குளவி வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அது பப்பாளி மாவுப்பூச்சியில் மட்டுமே முட்டையிடும், இதைத் தொடாது. ஏக்கருக்கு 13 டன் எடுத்த நிலத்தில் அந்த வருடம் ஐந்தரை டன் எடுத்தேன். பாயின்ட்டைப் பற்றி எழுத மனமில்லை.

இது வேறு பூச்சி என்று எனக்குக் காட்டியவர் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். வயல் வரப்பிலேயே உட்கார்ந்து, தன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, குருத்திலிருந்து ஒரு பூச்சியை எடுத்து அதன் மேல் வைத்தார். ஈர்க்குச்சி நுனியால் மேலே இருந்த மாவை மெல்ல ஒதுக்கினார். உள்ளே உடல் இளஞ்சிவப்பாக இருந்தது, ரோஜாப்பூ காய்ந்த நிறம். "பப்பாளிப் பூச்சி மஞ்சளாக இருக்கும் அம்மா. இது கேரளாவில் போன வருடம்தான் கண்டுபிடித்தது" என்றார். பப்பாளிப் பூச்சியைச் சாராயத்தில் போட்டு வைத்தால் கருநீலமாக மாறிவிடும், இது மாறாது என்றும் சொன்னார். கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். என் அண்ணன் சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்தவர். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க நெசவாளர்கள் வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடி ஒன்றை விட்டுப்போயிருந்தார். அன்று மாலை அதை எடுத்து இலைமேல் வைத்துப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் என் செடியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி அரிவாளோடு சேர்த்து என் இடுப்பில் இருக்கிறது.

பினாகாக்கஸ் மனிஹோட்டி என்ற இந்த மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆண் கிடையாது. எல்லாமே பெண். துணையே இல்லாமல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு குச்சியில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், ஒரு கோடைக்குள் ஒரு தோட்டமே அதன் வம்சமாகிவிடும்.

அதன் ஊர்க்கதையை என் தம்பி மகள் படித்துச் சொன்னாள். வேளாண் பட்டப்படிப்பு படிக்கும் பெண். கேட்ட நாளிலிருந்து, நான் செய்த தவறு எவ்வளவு பழைய தவறு என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

குச்சிக்கிழங்கின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதுதான் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு. இலையையும் கீரையாகச் சமைக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் காங்கோ, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பகுதிகளில் இந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி தோன்றியது. பதினைந்து வருடத்துக்குள் ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பகுதிகளில் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்குக் கிழங்கு போனால் வருமானம் போகும். அவர்களுக்கு உலை வைக்க எதுவும் இருக்காது. நைஜீரியாவின் இபாடானில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம், ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானியிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. வந்த பூச்சி வேற்று நாட்டுப் பூச்சி என்றால், அதன் சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் அவர் பிடித்த நூல்.

தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடியபோது மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு அதேதான். அதை உண்டு வாழ்ந்த ஒட்டுண்ணிகளைச் சேர்த்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவை ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. ஏன் என்று பார்த்தால், அது வேறு இனம். அதில் ஆண் பூச்சி உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததில் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை செய்த காக்ஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் இரண்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, வடபகுதியில் கிடைத்தது புதிய இனம் என்று 1981-ல் எழுதி, ஹெரனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதே 1981-ல் கொலம்பியாவில் வேலை செய்த மரவள்ளி ஆராய்ச்சியாளர் டோனி பெல்லாட்டி, தெற்கே வெகு தொலைவில் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார். அங்கே அது தேடினாலொழியக் கிடைக்காத பூச்சி. அதன் மேல்தான் அனகைரஸ் லோபேசி என்ற குளவி இருந்தது. இங்கிலாந்தில் தனிமைப்படுத்தி வைத்து ஆராய்ந்து, அந்த ஆண்டே நைஜீரியாவில் விட்டார்கள். பிறகு விமானத்திலிருந்துகூட விட்டார்கள். ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்துவிட்டது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. எங்கள் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானதும் அதே 1981-தான். நாற்பது வருடம் கழித்து எங்கள் கிழங்கைக் காப்பாற்றப்போகும் குளவியை அந்த வருடம்தான் இன்னொரு கண்டத்தில் விட்டார்கள் என்று எண்ணும்போது, எனக்கு ஏனோ கண் நிறைகிறது.

ஆசிரியர் அவர்களே, உலகத்தின் கெட்டிக்கார விஞ்ஞானிகளே பூச்சியின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளும் வரை ஒன்றும் செய்ய முடியவில்லை. பெயர் தெரிந்த பிறகுதான் சரியான ஊர் தெரிந்தது; ஊர் தெரிந்த பிறகுதான் குளவி கிடைத்தது. அப்படியிருக்க, "மாவுப்பூச்சி தென்பட்டால் தெளிக்கவும்" என்று நாம் எழுதலாமா?

இந்தியாவில் இந்தப் பூச்சியை 2020-ல் திருச்சூரில் கண்டார்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்ததால் உடனே அடையாளம் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும், பிறகு தாய்லாந்திலும் வேலை செய்த குளவி எது என்பதும் முன்பே தெரிந்திருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபேசியை வரவழைத்தது. இங்குள்ள மற்ற பூச்சிகளுக்குக் கேடு செய்யாது என்று உறுதி செய்த பின், 2022-ல் எங்கள் ஏத்தாப்பூரில் விடத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவுக்காகப் பல வருடம் தேடியதை நாம் இரண்டு வருடத்தில் பெற்றோம் என்றால், யாரோ எங்கோ பொறுமையாக உட்கார்ந்து பூச்சியின் கால் மயிரையும் எண்ணி எழுதி வைத்ததால்தான்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

2022 ஆடி மாதம் எனக்கும் ஒரு குப்பி கிடைத்தது. சின்ன பிளாஸ்டிக் குப்பி, வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே எள்ளில் பாதி அளவுக்குக் கறுப்பாகச் சில உயிர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வெயில் தாழ்ந்த பிறகு குருத்து குவிந்த செடிகளுக்கு அருகே திறந்துவிடச் சொன்னார்கள். திறந்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றையும் காணவில்லை. குறைந்தது ஒரு மாதத்துக்கு எந்த மருந்தும் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினோராம் நாள் பார்த்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. பக்கத்து வயல்காரர் இரண்டாம் முறை அடித்துக்கொண்டிருந்தார். உரம் வாங்கப் போன இடத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர் மூன்று மருந்தைக் கலந்து கொடுத்தார். எந்தப் பூச்சி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஆள் வைத்து மூன்றரை ஏக்கருக்கும் அடித்தேன்.

அன்று மாலை கண்ணாடியோடு வயலுக்குப் போனேன். மெழுகுக்குள் இருந்த பூச்சிகளில் பாதிக்கு மேல் அசைந்துகொண்டிருந்தன. ஓர் இலையின் நடு நரம்பை ஒட்டி ஒரு குளவி கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. இன்னோர் இலையில் இரண்டு. அந்த இலைகளிலேயே, மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, ஏழெட்டு மட்டும் வெள்ளை மாறிப் பழுப்பாகத் தடித்திருந்தன. அப்போதுதான் புரிந்தது. குளவி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பூச்சிக்குள் முட்டையிட்டு, புழு உள்ளே இருந்து தின்று வளர்ந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நாட்களில் ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். ஒரு தலைமுறை குளவி வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நான் பாதி வழியில் நஞ்சை ஊற்றினேன்.

ஒரு மாதத்தில் மாவுப்பூச்சி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. அதன் எதிரிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. குளவி மட்டுமல்ல, பொறிவண்டும் இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் உண்டு; அதன் கூட்டுப்புழுவை நேரில் பார்த்தால் அச்சாகக் குரங்கு முகம் போல இருக்கும். பழைய வருடங்களில் என் பிள்ளைகள் அதைப் பறித்து வந்து விளையாடுவார்கள். அந்த வருடம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

2023-ல் நடவுக்கே வேறு வழி பார்த்தேன். வளைந்த தண்டையெல்லாம் வயலுக்கு வெளியே போட்டு எரித்தேன். குருத்து சுத்தமாக இருந்த தோட்டம் ஒன்றைத் தேடிப் போய், ஒவ்வொரு கட்டையும் கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்கினேன். திரும்பவும் ஒரு குப்பி கேட்டு வாங்கி வந்து விட்டேன். அதன் பிறகு வயலுக்குள் தெளிப்பான் நுழையவில்லை. பக்கத்து வயல்காரரிடமும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பொறுத்தார், அந்த உதவியை மறக்க மாட்டேன்.

ஒரு காலை, ஏழு மணி இருக்கும், பனி காய்ந்துகொண்டிருந்தது. குவிந்த குருத்து ஒன்றில் குளவி வேலை செய்வதை முழுதாகப் பார்த்தேன். இலை விளிம்பில் நடந்து வந்தது. நடக்கும்போதே இரண்டு உணர்கொம்புகளாலும் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தது, கண் தெரியாதவர் கோல் ஊன்றி நடப்பது போல. ஒரு மாவுப்பூச்சியைத் தொட்டதும் நின்றது. சிறிய பூச்சி, விட்டுவிட்டுப் போனது. அடுத்தது கொஞ்சம் பெரியது. அதை முன்னும் பின்னும் தட்டி, சட்டென்று திரும்பி, பின்புறத்தை அதன் மேல் வைத்து அழுத்தியது. மாவுப்பூச்சி வாலைத் தூக்கி உதறியது. குளவி விடவில்லை. சில நொடிகள்தான். பிறகு உடம்பைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடிப் போய்விட்டது. சிறிய பூச்சியில் முட்டையிட்டால் பெரும்பாலும் ஆண் குளவியும், பெரியதில் இட்டால் பெண் குளவியும் வருமாம். அளந்துதான் இடுகிறது.

இவ்வளவு சிறிய உயிருக்கு மூன்றரை ஏக்கரில் மாவுப்பூச்சி இருக்கும் செடி எது என்று எப்படித் தெரிகிறது? தம்பி மகளிடம் கேட்டேன். செடியே கூப்பிடுகிறது என்றாள். நான் நம்பவில்லை. 1987-ல் நாடெல், வான் ஆல்பன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே குளவியை வைத்துச் சோதித்த ஆய்வை எடுத்துப் படித்துக் காட்டினாள். பூச்சி பிடித்த மரவள்ளிச் செடியின் வாசனையை நோக்கிப் பெண் குளவிகள் போயின. பூச்சி பிடித்த செடியில் பூச்சியே இல்லாத இலையை மட்டும் வைத்தபோதும் அதை நோக்கிப் போயின. கடிபட்ட இடத்தில் மட்டுமல்ல, செடி முழுவதிலும் வாசனை மாறுகிறது. குருத்தில் வலி என்றால் அடியிலை சொல்கிறது. இத்தனை வருடம் செடிக்கு வாய் இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் மருந்து அடித்த அன்று, என் வயல் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வந்தவர்களை நான் வாசலில் வைத்துக் கொன்றிருக்கிறேன்.

புரட்டாசிக்குள் குருத்துகள் விரியத் தொடங்கின. மாவுப்பூச்சி இல்லாமல் போகவில்லை, இன்றும் இருக்கிறது. இருக்கட்டும். அது அற்றுப்போனால் குளவிக்கும் இரை இல்லை. அந்த மார்கழியில் ஏக்கருக்கு 12 டன் எடுத்தேன்.

எங்கள் அப்பத்தா சொன்ன ஒரு கதையையும் இங்கே எழுத வேண்டும். அவர் சிறுமியாக இருந்தபோது மேய்ச்சல் நிலமெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்ததாம். ஆடு நுழைய முடியாது, பாம்பு குடியிருக்கும். பிறகு ஒரு வெள்ளைப் பூச்சி வந்து ஊர் ஊராகக் கள்ளியைத் தின்று சாய்த்ததாம். நசுக்கினால் குங்குமமாகச் சிவக்குமாம். பிள்ளைகள் அதை விரலில் பூசிக்கொள்வார்களாம். அது வெறும் கதை அல்ல. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து சென்னை மாகாணத்தில் விடப்பட்ட கள்ளிப் பூச்சி அது. அதற்கு முன்னரும் ஒரு பூச்சி வந்தது. 1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசில் நாட்டு ரியோவிலிருந்து, சிவப்புச் சாயம் எடுக்க உதவும் சாயப் பூச்சி என்று நம்பிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு வைத்திருந்தார். வந்தது உண்மையான சாயப் பூச்சி அல்ல, அதன் உறவுக்காரப் பூச்சி. சாயமும் தேறவில்லை. அது ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்றது. எங்கள் மேய்ச்சல் நிலத்தில் மண்டிய கள்ளியைத் தொடவே இல்லை. அதற்கு வேறு இனம் வர நூற்று முப்பது வருடம் ஆனது. அன்றும் ஆள்மாறாட்டம்தான்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வேளாண் பக்கத்தில் எந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும், மருந்தின் பெயருக்கு முன் பூச்சியின் பெயரையும், அதைப் போலவே தோன்றும் வேறு பூச்சி எது என்பதையும், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதையும் எழுதுங்கள். அதன் எதிரி எது, அது வயலில் இருந்தால் எப்படித் தெரியும் என்று இரண்டு வரி சேருங்கள். ஒரு படம் போட இடம் இருந்தால், மருந்து டப்பாவின் படத்தை விடப் குளவிப் புழு உள்ளே வளர்வதால் பழுப்பாகத் தடித்த அந்த மாவுப்பூச்சிக் கூட்டின் படம் எங்களுக்கு உதவும்.

அரசிடமும் சொல்ல வேண்டியது உண்டு. தங்கள் வழியாகச் சொன்னால் காதில் விழும். குளவி வளர்க்கும் கூடங்கள் பூச்சி வந்த வருடம் மட்டும் திறந்து, அடங்கிய வருடம் பூட்டுவதாக இருக்கக் கூடாது. கடுமையான கோடைக்குப் பிறகும், அறியாமல் மருந்து அடித்த பகுதிகளிலும் திரும்ப விட வேண்டியிருக்கும். அப்போது குளவிக்கு எங்கே போவோம்? குளவி வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும், மாவுப்பூச்சி வளர்க்கச் செடி வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருப்பது தினமும் பால் கறப்பது போன்ற வேலை, ஒரு நாள் விட முடியாது. அதைச் செய்பவர்களைத் தினக்கூலியில் வைத்துக் காலம் தள்ளக் கூடாது. நுண்ணோக்கியில் பார்த்துப் பூச்சிக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் மாவட்டத்துக்கு ஒருவராவது இருக்க வேண்டும். தம்பி மகள் அந்தப் படிப்பைத்தான் மேற்கொண்டு படிக்க விரும்புகிறாள். வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

நடவுக் குச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தை பிறந்தால் லாரி லாரியாகக் குச்சி மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறது. எந்தத் தோட்டத்துக் குச்சி, பூச்சி இருந்ததா என்று கேட்பார் இல்லை. இந்தப் பூச்சிக்கு இறக்கை கிடையாது. காற்றில் குஞ்சுகள் கொஞ்ச தூரம் போகும். மற்றபடி நாம் தூக்கிப் போன தூரம்தான் அது போன தூரம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய காகித உறையை வைத்திருக்கிறேன். என் வயலில் மேற்கு வரப்பை ஒட்டிய மூன்றாவது சாலில், நேற்றுக் காலை எடுத்த ஆறு கூடுகள் அதில் இருக்கின்றன. குளவி வெளியேறிய காலிக் கூடுகள்தான். உயிருள்ள பூச்சி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே உறையை ஒட்டினேன். தங்கள் அலுவலகத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் வட்டமாக, ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். குளவி அதன் வழியாகத்தான் வெளியே வந்தது. படம் எடுக்க அதுவே போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் எழுதுங்கள், இன்னும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குச்சிக்கிழங்கு விவசாயி,
ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்.